கோஸுக்குத்தான் ருசி

பிப்ரவரி 4

அக்காவுக்கு,

உறையைப் பிரித்த உடனே யார் எழுதியது என்று தெரிந்துவிடும். தெரிந்ததும் கிழித்துப் போட்டுவிடாதீர்கள். பொட்டுவைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

உங்கள் மகள் ராத்திரியில் சாப்பிடுவதே இல்லை. காலையில் அரை டம்ளர் பால் குடிக்கிறாள். பள்ளியில் என்ன சாப்பிடுகிறாளோ தெரியாது. ராத்திரி தட்டு வைத்தால் நாலு தடவை கிளறிவிட்டு எழுந்துவிடுகிறாள். நான் இந்த வீட்டுக்கு வந்த புதிதில், புது ஆள் என்பதால் முரண்டு பிடிக்கிறாள் என்று விட்டுவிட்டேன். இப்போது பள்ளிச் சட்டை தோளிலிருந்து நழுவுகிறது. இரண்டு பக்கமும் பிடித்துத் தைத்துக் கொடுத்தேன். அந்தத் தையலை நீங்கள் பார்த்தால் தலையில் அடித்துக்கொள்வீர்கள்.

போன வாரம் பக்கத்தில் உட்கார்ந்து, உனக்கு என்னதான் வேணும் என்று கேட்டேன். "அம்மா செய்ற கோஸ் கோழி" என்றாள்.

செய்தேன். ஒரு தடவை இல்லை, மூன்று தடவை. கோழி, கோஸ், கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு எல்லாம் போட்டேன். அவர் தட்டு நிறையச் சாப்பிட்டார். பொட்டு மோந்து பார்த்துவிட்டு, "இது அது இல்ல" என்றாள். அவரிடம் கேட்டால், "கோழியப் போட்டா, கோஸப் போட்டா, மூடி வெச்சா. இதுல என்ன பெரிய ரகசியம்" என்கிறார். உங்களோடு பத்து வருஷம் சாப்பிட்டவர் சொல்லும் பதில் இது.

உங்களோடு போனில் பேச வழியில்லை. உங்கள் எண்ணை என் போனில் அவர் தடுத்து வைத்திருக்கிறார். அடிக்கடி வாங்கியும் பார்ப்பார். அதனால்தான் நீங்கள் வேலை பார்க்கும் மருத்துவமனையின் துணிப் பிரிவுக்கு எழுதுகிறேன். பதிலை என் கண்ணாடிக் கடைக்கு அனுப்புங்கள். உறை மேல் லென்ஸ் வெட்டும் பிரிவு என்று எழுதினால் நேராக என் மேஜைக்கு வந்துவிடும்.

எப்படிச் செய்வீர்கள் என்று மட்டும் எழுதினால் போதும். வேறு எதையும் கேட்க எனக்கு வாய் இல்லை.

தங்கை


பிப்ரவரி 11

அக்கா என்று யாரைக் கூப்பிடுகிறாய்? என் அம்மாவுக்கு நான் ஒரே பெண். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தவள் நீ. வாத்தியார் வீட்டுச் சமையலறைவரைக்கும் வந்துவிட்டாய். அதோடு நிறுத்திக்கொள். உறவு கொண்டாட வேண்டாம்.

உன் கடிதத்தைக் கிழித்துவிட்டேன். அப்புறம் இரண்டு பாதியையும் மேஜையில் சேர்த்து வைத்துப் படித்தேன். நாள் முழுக்கக் கிழிந்த போர்வைகளை ஒட்டுப் போடுகிறவளுக்கு அது பெரிய வேலை இல்லை.

சட்டை நழுவுகிறது என்று எழுதியிருக்கிறாய். நான் விட்டுவிட்டு வந்தபோது அந்தச் சட்டை அவளுக்கு இறுக்கம். கை தூக்கினால் தையல் விடும். இதற்கு மேல் அதைப் பற்றி எழுதினால் உன்னைத் திட்டித்தான் எழுதுவேன்.

நீ கோஸைப் பொடியாக நறுக்கியிருப்பாய். அதுதான் தப்பு. கத்தியே படக் கூடாது. இலை இலையாக உரித்து, கையால் உள்ளங்கை அளவுக்குக் கிழிக்க வேண்டும். வெங்காயத்தை நீளமாக நறுக்கி வதக்கு. இஞ்சியும் பூண்டும் தட்டிப் போடு, அரைக்காதே. எலும்போடு கோழியைப் போட்டு உப்பு, மஞ்சள் சேர்த்து மூடு. தண்ணீர் ஊற்றாதே, அதுவே விடும். அந்தத் தண்ணீரில் முதலில் உருளைக்கிழங்கு, பிறகு கேரட், பிறகு பீன்ஸ். கோஸ் தண்டைத் தூக்கிப் போட்டுவிடாதே, நாலாக வெட்டி அடியில் தள்ளு. கடைசியில் கோஸ் இலைகளைச் சட்டி முழுக்கப் போர்த்திவிட்டு மூடிவிடு. கரண்டியைத் தொடாதே. கோழி நெய்யும் ஆவியும் ஏறி இலை கண்ணாடி மாதிரி ஆகும். அப்போது மிளகைக் கொரகொரப்பாகப் பொடித்துத் தூவி, ஒரே ஒரு தடவை புரட்டி இறக்கு.

இதை உனக்காக எழுதவில்லை.

ஒன்று மட்டும் கேட்கிறேன். எனக்கென்று அன்றைக்கு ஒரு அடுப்புகூட இல்லை என்பதால் குழந்தை அவரிடம் போனாள். விடுமுறைகள் என்னுடையவை என்று விவாகரத்துத் தீர்ப்பிலேயே இருக்கிறது. போன விடுமுறைக்கு, 'பொட்டுக்கு அங்கு வர இஷ்டமில்லை' என்று உன் வீட்டுக்காரர் ஒரு வரி அனுப்பினார். அதற்கு முந்தின விடுமுறைக்கும் அதே வரி. இஷ்டமில்லை என்று அவளுக்குச் சொல்லிக்கொடுத்த வாய் எது? அந்த வாய்தான் இன்றைக்கு என் சமையலைக் கேட்கிறது என்று நினைக்கிறேன்.


பிப்ரவரி 20

அக்காவுக்கு,

வேறு எப்படிக் கூப்பிடுவது என்று தெரியவில்லை, அதனால் இப்படியே எழுதுகிறேன்.

நீங்கள் சொன்னபடியே செய்தேன். கடையிலிருந்து சீக்கிரம் கிளம்பி, இலை உரித்து, கையால் கிழித்து, கரண்டியை அடுப்பங்கரையிலிருந்தே வெளியே வைத்துவிட்டேன். மூடியைத் திறந்தபோது பொட்டு எழுதிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு வந்து என் பின்னால் நின்றாள். நின்றாள், அவ்வளவுதான். இந்த வீட்டில் அவளாக என் பக்கத்தில் வந்து நின்றது அதுதான் முதல் தடவை.

நல்ல கால் துண்டாகப் பார்த்து அவள் தட்டில் வைத்தேன். கூட இன்னொரு துண்டும். அவள் அந்த இரண்டையும் தட்டு ஓரத்துக்கு ஒதுக்கிவிட்டு, கோஸையும் தண்டையும் கிழங்கையும் மட்டும் சாப்பிட்டாள். பிசைந்து பிசைந்து சாப்பிட்டாள். எனக்கு சந்தோஷம் தாங்கவில்லை. அதற்குள் அவர் பார்த்துவிட்டார். "கறிய ஒதுக்கிட்டு தழையத் திங்கிறா பாரு. இது என்ன திமிரு. அத முடிச்சிட்டுத்தான் எந்திரிக்கணும்" என்றார். அவள் துண்டைத் தொடவில்லை. என்னை எழுப்பிவிட்டு அவளை மட்டும் உட்கார வைத்தார். கடைசியில் அழுதுகொண்டே வாயில் திணித்துக்கொண்டாள். உள்ளே போன கோஸும் சேர்ந்து வெளியே வந்துவிட்டது.

நீங்கள் எதையோ மறைத்துவிட்டீர்களோ என்று அன்றைக்குத் தோன்றியது. சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால் எழுதுங்கள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில். நான் அவளுக்கு எதுவும் சொல்லிக்கொடுக்கவில்லை. உங்களுக்கு விடுப்பு கிடைக்கவில்லை, நீங்களே வர வேண்டாம் என்று சொல்லிவிட்டீர்கள் என்று அவர் எங்களிடம் சொன்னார். பொட்டு அப்போது பையில் துணி அடுக்கி வைத்திருந்தாள். அதை எடுத்து மறுபடி அலமாரியில் வைத்தவள் நான்.

தங்கை


பிப்ரவரி 27

துண்டை ஏன் அவள் தட்டில் வைத்தாய்?

நான் எதையும் மறைக்கவில்லை. ஒரு தாய் மகளுக்குத் துண்டு வைக்க மாட்டாள் என்று உனக்குத் தோன்றியிருக்காது, அதனால் நீ கேட்கவில்லை. எழுத எனக்கும் தோன்றவில்லை. இப்போது எழுதுகிறேன்.

அந்த வீட்டில் கோழி உன் வீட்டுக்காரருக்காக வாங்குவது. சட்டியைத் திறந்ததும் கரண்டியால் புரட்டிப் பார்ப்பார், பார்த்திருப்பாயே. முதலில் அவர் சாப்பிடுவார். மிச்சம் இருந்தால் மறுநாள் காலையிலும் அவர்தான் சாப்பிடுவார். பொட்டுக்கு மூன்று வயதிருக்கும்போது ஒரு நாள் அவர் தட்டிலிருந்து ஒரு துண்டைக் கையில் எடுத்துவிட்டாள். அவர் அடிக்கவில்லை. அதை அவள் கையிலிருந்து வாங்கி மறுபடி தன் தட்டில் வைத்துக்கொண்டு, "கேட்டு வாங்கணும்" என்றார். அவள் கேட்டாள். அவர் சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்.

அன்றைக்குத்தான் நான் அவளைச் சமையலறைக்குத் தூக்கிக்கொண்டு போய்ச் சொன்னேன். "அட மக்கு, கோழியில இருக்கிற ருசியெல்லாம் கோஸுதான் குடிச்சிடுச்சு. துண்டு வெறும் சக்கை. அப்பாவுக்குப் பல்லு பெருசு, மென்னுட்டுப் போறாரு. நமக்குத்தான் நல்லது." அவள் நம்பினாள். நானும் அவள் எதிரிலேயே கோஸை மட்டும் சப்புக்கொட்டிச் சாப்பிட்டேன். அப்புறம் அவர் துண்டை மெல்லும்போதெல்லாம் நாங்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வோம், ஏமாந்த ஆள் அவர் என்று. அந்த வீட்டில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அதற்கு மட்டும்தான்.

ஆகவே துண்டு வைக்காதே. இலையும் தண்டும் வை, சாப்பிடுவாள்.

விடுப்பு கிடைக்கவில்லையாமா? மேற்பார்வையாளர் அம்மாவிடம் கெஞ்சி ஒரு வாரம் வாங்கியிருந்தேன். சலவைக்கூடத்துக்குப் பின்னால் அடுப்பு வைக்க ஒரு மூலையோடு வாடகைக்கு அறை பிடித்ததே அதற்காகத்தான். பேருந்து நிலையத்தில் டப்பாவில் கோஸ் கோழி வைத்துக்கொண்டு கடைசி வண்டி வரும்வரை நின்றேன். அவருடைய அந்த ஒரு வரி வந்தபோது டப்பா ஆறிப்போயிருந்தது. மகளுக்கே நான் வேண்டாதவள் ஆகிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அத்தனையையும் குப்பைத் தொட்டியில் கொட்டினேன். அவள் பை அடுக்கி வைத்திருந்தாள் என்று நீ இப்போது எழுதுகிறாய்.


மார்ச் 9

அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்து எனக்கு அவர் மேல் வந்த கோபம் அடுத்த நிமிஷமே உங்கள் மேல் திரும்பியது. சொல்லிவிடுகிறேன். ஒரு பெண் குழந்தைக்கு மிச்சத்தைச் சாப்பிடக் கற்றுக்கொடுத்து, அதுதான் அமிர்தம் என்றும் நம்ப வைத்திருக்கிறீர்கள். நாளைக்கு எவன் வீட்டுக்குப் போனாலும் அவள் நல்லதையெல்லாம் எடுத்து அவனுக்கு வைத்துவிட்டு, தானாகவே ஓரத்தில் போய் உட்காருவாள். அவர்கூட அவ்வளவு கெடுதல் செய்திருக்க முடியாது.

அந்தக் கோபத்தில்தான் அதைச் செய்தேன். வியாழக்கிழமை அவருக்கு மாலை வகுப்பு. நானும் பொட்டுவும் மட்டும். கோழி வைத்தேன். கால் துண்டை அவள் தட்டில் வைத்து, "இதுதான் ருசி. உனக்குக் கிடைக்காதுன்னு தெரிஞ்சு, நீ ஏங்கக் கூடாதுன்னு உங்கம்மா அப்படி ஒரு பொய் சொன்னாங்க. இப்போ யாரும் இல்ல, சாப்பிடு" என்றேன்.

"எங்கம்மா பொய் சொல்ல மாட்டாங்க" என்றாள்.

நான் அதோடு விட்டிருக்கலாம். "இது நல்ல பொய்தான்டா" என்றேன். அவள் துண்டைத் தட்டு ஓரத்துக்கு நகர்த்தினாள். அப்புறம் கேட்டாள்: "அப்போ, வந்து கூட்டிட்டுப் போறேன்னு சொன்னதும் பொய்யா?"

அக்கா, இல்லை என்று உடனே சொல்லியிருக்க வேண்டும். என் வாய் திறப்பதற்குள் அவள் எழுந்து போய்விட்டாள்.

அன்றிலிருந்து கோஸையும் தொடுவதில்லை. எது வைத்தாலும் வேண்டாம். நான் கூப்பிட்டால் திரும்புவதும் இல்லை. நீங்கள் அவளுக்கு ஒரு வரி எழுதி அனுப்புங்கள், நான் கொடுக்கிறேன். உங்களைக் குறை சொல்லத் தொடங்கிய கடிதம் இப்படி முடிகிறது.

தங்கை


மார்ச் 14

என் புருஷனை எடுத்துக்கொண்டாய். அது போகட்டும், அதை நினைத்து நான் அழுதது ஒரு மாசம். என் அடுப்பு, என் சட்டி, நான் தேய்த்துத் தேய்த்து வழவழப்பாக்கின சமையல் மேடை, எல்லாம் உனக்கு. என் மகளிடம் எனக்கென்று மிச்சமிருந்தது ஒரே ஒரு பொய். உன் நியாயத்தைத் தூக்கிக்கொண்டு போய் அதையும் உடைத்துவிட்டு வந்து, எனக்குப் பாடம் எடுக்கிறாய்.

நீ சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

அவளுக்கு ஒரு வரி எழுதிப் பார்த்தேன். 'அம்மா வருவேன்' என்று எழுதினால் அதுவும் கோஸ் மாதிரிதான் அவளுக்குத் தெரியும். கிழித்துவிட்டேன். இந்தத் தடவை ஒட்டவில்லை.

இனி எனக்கு எழுதாதே.


ஏப்ரல் 6

அக்காவுக்கு,

எழுதாதே என்றீர்கள். எழுதாமல்தான் இருந்தேன். இப்போது வேறு வழியில்லை.

அவர் பொட்டுவை விடுதியில் சேர்க்கப் போகிறார். பள்ளியிலிருந்து கூப்பிட்டு, பிள்ளை இளைத்துப் போகிறாள், வகுப்பில் மேஜை மேல் தலை வைத்துப் படுத்துவிடுகிறாள், வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்டுவிட்டார்கள். அது அவருக்கு அவமானம். "நாலு பிள்ளைங்களோட உக்கார வெச்சா தானா திங்கும். இங்க ரெண்டு பொம்பளைங்க சேந்து செல்லம் குடுத்துக் கெடுத்து வெச்சிருக்கீங்க" என்றார். இரண்டு பேரில் ஒருத்தி நீங்கள். விடுமுறை முழுக்க அங்கேயே வைத்துக்கொள்ளும் விடுதி அது. விடுமுறை தொடங்கி நாலு நாளில் கொண்டுபோய் விடப் பேசி முடித்துவிட்டார். அங்கே போய்விட்டால் உங்களுக்கு இனி விடுமுறை என்றே ஒன்று வராது.

அதனால் நானே கொண்டுவந்து விடுகிறேன். பள்ளி முடியும் நாளன்று அவருக்கு ஓட்டுநர் தேர்வு மைதானத்தில் நாள் முழுக்க வேலை இருக்கிறது. பழைய பயிற்சிக் கார் வீட்டில்தான் நிற்கும். விடுமுறை உங்களுடையது என்று தீர்ப்பில் இருக்கிறது, நான் யாரையும் கடத்திக்கொண்டு வரவில்லை. இதை எனக்கு நானே தினமும் சொல்லிக்கொள்கிறேன்.

உரிமம் வாங்கியதோடு சரி, தனியாக நான் ஓட்டியதே இல்லை அக்கா. எப்போதும் பக்கத்து இருக்கையில் அவர் இருப்பார், அவர் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும். நான் மெதுவாகப் போகும்போதும் அதை மிதிப்பார். வீட்டிலும் அவர் அப்படித்தான் என்று உங்களுக்கு நான் எழுத வேண்டியதில்லை.

வேண்டாம் என்றால் உடனே எழுதுங்கள். பதில் வராவிட்டாலும் வருவேன்.

தங்கை


ஏப்ரல் 11

வா.

ஆற்றுப் பாலம் தாண்டி இரண்டாவது இடது பக்கம் திரும்பு. முதலாவது ஒருவழிச் சாலை. மருத்துவமனையின் பெரிய வாசலுக்கு வராதே, அங்கே ஆம்புலன்ஸ் நிற்கும். பின்பக்கம் சலவைக்கூடம், புகைக்குழாயைப் பார்த்து வந்தால் தெரியும். பச்சைத் துணிகள் காயும் மொட்டைமாடிக்கு நேர் கீழே என் கதவு.

பொட்டுக்குக் கார் ஆகாது. ஜன்னல் பக்கம் உட்கார வை, கண்ணாடியை இறக்கி விடு, கிளம்பும்முன் பால் கொடுக்காதே. வழியில் அவள் பேசவில்லை என்றால் நீயும் பேசாதே. தூங்கிவிடுவாள்.

எங்கே போகிறோம் என்று அவளிடம் முன்கூட்டியே சொல்லாதே. வழியில் ஏதாவது நடந்து நீங்கள் திரும்பிப் போக நேர்ந்தால் அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

கோழி வைக்கிறேன். நீயும் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். அதற்காக நாம் சமாதானம் ஆகிவிட்டோம் என்று அர்த்தம் இல்லை.


ஏப்ரல் 24

அக்காவுக்கு,

சாப்பிடாமல் ஓடிவிட்டேன் என்று கோபித்துக்கொள்ள வேண்டாம். அவர் திரும்புவதற்குள் காரை நிறுத்த வேண்டியிருந்தது. அதைவிட, நீங்கள் கதவைத் திறந்ததும் அவள் உங்களிடம் ஓடாமல் என் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாளே, அந்த நேரத்தில் உங்கள் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை. அவள் கையை எடுத்து உங்கள் கையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன்.

வழி முழுக்க அந்த இரண்டாவது பிரேக் பக்கத்தில் சும்மா கிடந்தது. ஒரு தடவைகூட அதற்கு வேலை வரவில்லை.

மீட்டரைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "எங்க போன" என்று கேட்டார், சொன்னேன். அவர் அடுத்துக் கேட்டது என்ன தெரியுமா? "கிளட்ச எவ்வளவு தேச்ச?" கார் சாவியும் என் உரிமமும் இப்போது அவர் அலமாரியில் இருக்கின்றன. விடுதிக்காரர்களிடம் குழந்தை தாய் வீட்டுக்குப் போயிருக்கிறாள் என்று சொல்லிவிட்டார். பள்ளியில் மறுபடி கேள்வி கேட்க மாட்டார்கள் என்பதில் அவருக்கு ஒரு நிம்மதிகூடத் தெரிகிறது.

ஞாயிற்றுக்கிழமை அவரோடு வேலை பார்க்கும் இன்னொரு பயிற்சியாளர் சாப்பிட வந்தார். கோழி வைத்தேன், உங்கள் முறைப்படி. பழகிவிட்டது. அவர்கள் இரண்டு பேரும் சாப்பிடச் சாப்பிட நான் துண்டுகளைத் தேடித் தேடி வைத்தேன். அப்புறம் எனக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வந்தவர் என் தட்டைப் பார்த்து, "நீங்க பீஸே எடுத்துக்கலையேம்மா" என்றார்.

நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். இவர் முந்திக்கொண்டார். "அவளுக்கு கோஸுதான் புடிக்கும்."

அதை நான் அவரிடம் ஒரு நாளும் சொன்னதில்லை, அக்கா. எனக்குச் சொல்லிக்கொடுக்க அம்மாவும் பக்கத்தில் இல்லை. உங்களுக்கு அப்படி எழுதினேனே, அந்தப் பெண் குழந்தை நாளைக்கு எவன் வீட்டுக்கோ போய் ஓரத்தில் உட்காருவாள் என்று. எழுதியபோது நான் எங்கே உட்கார்ந்திருந்தேன் என்று அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பொட்டு சாப்பிடுகிறாளா? அதை மட்டும் எழுதுங்கள்.

தங்கை


மே 2

அவர் அனுப்பிய செய்தி எனக்கும் வந்தது. 'நீயே வைத்துக்கொள்.' கடையில் வாங்கின பொருளைத் திருப்பிக் கொடுப்பதுபோல இரண்டே வார்த்தை. இந்தத் தெருக்கோடியில் இருக்கும் பள்ளியில் இடம் கேட்டிருக்கிறேன், கொடுப்பார்கள் போலிருக்கிறது. குழந்தை என்னிடம்தான் இருப்பாள். இதை முதலில் உனக்கு எழுதுகிறேன், ஏனென்றால் சொல்லிச் சந்தோஷப்பட எனக்கு இங்கே வேறு யாரும் இல்லை.

சாப்பிடுகிறாளா என்று கேட்டாய். எப்படிச் சாப்பிட்டாள் என்று எழுதுகிறேன், படித்துக்கொள்.

நீ போன பிறகு அவள் கட்டில் ஓரத்தில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், அடுத்த வண்டிக்குக் காத்திருப்பவள்போல. நான் அடுப்பு வேலையைப் பார்த்தேன். இலை கிழிக்கும்போது வந்து பக்கத்தில் உட்கார்ந்து அவளும் கிழித்தாள். மூடியைத் திறந்ததும், "நான் போடறேன்" என்று கரண்டியை வாங்கிக்கொண்டாள்.

முதலில் ஒரு கிண்ணத்தை எடுத்தாள். சட்டியில் இருந்த துண்டுகளையெல்லாம் ஒவ்வொன்றாகத் தேடி அதில் போட்டு, தட்டால் மூடி, ஓரமாக வைத்தாள். அந்த அறையில் எங்களைத் தவிர ஒரு ஈ, காக்கை இல்லை. யாருக்கு எடுத்து வைக்கிறாய் என்று கேட்டேன். அவளுக்கே தெரியவில்லை. கை போகிற போக்கில் செய்திருக்கிறாள். பிறகு எனக்குப் பரிமாறினாள். நல்ல இலையாக, நெய் ஊறின இலையாகப் பார்த்துப் பார்த்து. தண்டைக்கூட எனக்கு வைத்துவிட்டாள். "உனக்குப் புடிச்சதும்மா" என்றாள்.

நீ இருந்திருந்தால் என்னைப் பார்த்து என்ன சொல்லியிருப்பாய் என்று தெரியும். நானே சொன்னேன். கிண்ணத்தைத் திறந்து நடுவில் வைத்து, "சித்தி சொன்னது நிஜம் பொட்டு. துண்டுதான் ருசி. அம்மாதான் அப்படிச் சொல்லி வெச்சேன். ஆனா கூட்டிட்டுப் போறேன்னு சொன்னது பொய் இல்ல, பாரு, இங்கதான இருக்க" என்றேன்.

அவள் யோசித்தாள். நான் பயந்ததுபோல அழவில்லை. "துண்டு அவ்ளோ நல்லா இருக்கும்னா நீ ஏம்மா ஒரு தடவகூடச் சாப்பிடல?" என்று கேட்டாள்.

இதற்கு என்ன பதில் இருக்கிறது, நீ சொல். அவர் மேல் பயம் என்று சொல்லவா? எனக்கே அது ஒரு கட்டத்தில் மறந்துபோய்விட்டது என்று சொல்லவா? இப்போது சாப்பிடுகிறேன் பார் என்று சொல்லி, கால் துண்டை எடுத்துக் கடித்தேன்.

மென்றேன். பத்துப் பதினொரு வருஷத்துக்குப் பிறகு வாயில் வைக்கும் துண்டு. ருசிக்கும் என்றுதான் மென்றேன். வாயில் நார் நாராகச் சுற்றிச் சுற்றி வந்தது, தொண்டைக்குள் இறங்கவில்லை. கோஸ் எங்கே என்று நாக்கு தேடியது. உப்பு, மிளகு எல்லாம் சரியாகத்தான் இருந்தது. என் நாக்குதான் என்னிடம் இல்லை.

பொட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பல நாளைக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"பாத்தியா, நீ பொய் சொல்லலம்மா" என்றாள். பிறகு ஒரு பெரிய இலையைச் சுருட்டி வாயில் போட்டுக்கொண்டாள்.

இரண்டு தட்டு சாப்பிட்டாள். அன்றிலிருந்து தினமும் சாப்பிடுகிறாள். சட்டையில் நீ போட்ட தையலைப் பிரித்துவிட்டேன், கேவலமான தையல். துண்டுகளை நறுக்கி இலைக்குள் மறைத்து மறைத்து வைக்கிறேன், ஒன்றிரண்டு தெரியாமல் உள்ளே போகிறது. அவளுக்கு வயது இருக்கிறது, திரும்பிவிடுவாள். எனக்கு இனி வராது.

உனக்கு அந்த வீட்டில் இன்னும் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. அடுத்த தடவை சட்டியை இறக்கியதும், அவர் வந்து உட்காருவதற்கு முன்னால், நின்றுகொண்டே ஒரு துண்டு எடுத்துச் சாப்பிட்டுப் பார். ருசி தெரிந்தால் அந்த வீட்டில் என்ன செய்வது என்று யோசிக்க உனக்கு நேரம் இருக்கிறது. தெரியவில்லை என்றால் யோசித்துக்கொண்டிருக்காதே, பையை எடுத்துக்கொண்டு கிளம்பு. சாவியும் உரிமமும் அவரிடம் இருந்தால் இருக்கட்டும், பேருந்து இருக்கிறது. பாலம் தாண்டி இரண்டாவது இடது பக்கம்.

அக்கா என்று நீ கூப்பிடுவது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. வேறு வார்த்தை கிடைக்கும்வரை அப்படியே எழுது.